பால் அறுகுக்கு எடுத்த பால்

அந்தச் செவ்வாய்க்கிழமை முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடத்துக்குத்தான் எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. நேரம் நிச்சயமாகத் தெரியும். கிருமி வளர்ப்புத் தட்டின் மூடியைத் திறக்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பது எங்கள் ஆய்வுகூடத்தில் பழக்கம். குறித்துவிட்டுத் தட்டைப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக முளைத்திருக்க வேண்டிய புள்ளிகளுக்கு நடுவே நிறமற்ற புள்ளிகள் கிடந்தன. அதன் பிறகுதான் மாதிரியோடு வந்த பெயரைப் பார்த்தேன். தமிழ்ப் பெயர். வயது ஐந்து. ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாப் பகுதி.

அந்தப் பிள்ளையை நான் மடியில் வைத்துச் சோறு தீத்தியிருக்கிறேன்.

சென்ற மாதம் நான் ஓய்வு பெற்றபோது, கேக் வெட்டிய மேசையில் இளம் பிள்ளைகள் கேட்டார்கள், இத்தனை வருடத்தில் மறக்க முடியாத தட்டு எது என்று. அவர்களில் பாதிப் பேர் இந்த வகைக் குடல் நோய்க்குத் தட்டு வாசித்ததே இல்லை. கிருமியின் மரபணுவை இப்போது இயந்திரம் சொல்லிவிடுகிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அந்த இயந்திரம் அன்று எங்களிடம் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் முந்தியிருப்போம். நான் கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, கேக் தட்டுகளை அடுக்கத் தொடங்கிவிட்டேன். இத்தனை காலத்துக்குப் பிறகும் அதை முழுதாகச் சொல்ல வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். கதையில் பாதி தமிழில் நடந்தது, தமிழிலேயே எழுதுகிறேன்.

என் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருகோணமலையில் உயர்தரம் விஞ்ஞானம் படித்தேன். நோர்வேக்கு வந்து வடக்கே மீன் தொழிற்சாலை, பிறகு ஒஸ்லோவில் உணவகச் சமையலறை. மொழி பிடிபட்டதும் மூன்று வருடம் ஆய்வுகூடப் படிப்பு. நுண்ணுயிர்ப் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கேயே தலை நரைத்தது.

பிரிவின் தலைவி பெரித். ஒல்லியான, சத்தம் போடாத பெண். அவரிடம் தட்டைக் கொண்டுபோய் “இது இன்ன கிருமி” என்று சொன்னால் தலை நிமிராமலே கேட்பார்: “நான் அதைக் கேட்கவில்லையே. என்ன தெரிகிறது?” நிறம், அளவு, விளிம்பு, மணம் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் கிருமியின் பெயரைச் சொல்ல விடுவார். தனக்கும் அதே விதிதான். தன் தட்டையும் இன்னொருவர் பார்க்காமல் முடிவு எழுத மாட்டார். புதிதாக வருபவர்களுக்கு அது அவமானமாக இருக்கும். எனக்கும் இருந்தது. பிறகு அது ஒரு நிம்மதி ஆனது. தனியாக எவரும் பிழை விட முடியாத இடம் அது.

அன்று அவரிடம் போனேன். “நிறமற்ற புள்ளிகள். மட்டமானவை. விளிம்பு ஒழுங்கு. சோர்பிட்டால் சர்க்கரையைத் தின்னவில்லை,” என்றேன். அவர் அட்டையில் சோதனைத் திரவம் ஒரு சொட்டு வைத்து, புள்ளியைத் தொட்டுக் கலக்கினார். பால் திரைவதுபோல் திரள் திரளாகச் சேர்ந்தது. இருவரும் பார்த்தோம். சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தை அடித்துவிடும் வகைக் குடற்கிருமி.

“பெயரையே பார்க்கிறாயே,” என்றார்.

“பிள்ளையைத் தெரியும்.”

அவர் மாதிரிப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அப்படியானால் இந்தப் பெயர் வருகிற எதையும் இனி நீ தொடாதே. வீட்டிலும் வாய் திறக்காதே.”

அந்த இரண்டாவது கட்டளைதான் கடினம். ஏனென்றால் என் வீட்டில் இன்னொருவருக்கும் அதே வாய்க்கட்டு இருந்தது.

என் மகள் அபி அப்போது மருத்துவம் நாலாம் வருடம். அதோடு நின்றிருந்தால் நான் உலகத்திலேயே மகிழ்ச்சியான தகப்பன். அவளோ மருத்துவத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் இணைத்துப் படிக்கப் போகிறேன் என்று நின்றாள். அதற்கென்று நேரான பாதை அங்கே இருக்கவில்லை. பீடத்தில் தனி அனுமதி கேட்டு, இரண்டு பட்டத்தையும் பின்னிப் பின்னிப் படிக்க வேண்டும். இன்னும் இரண்டு வருடம் கூடும். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் சனத்துக்கு ஒரு டொக்டர் என்றால் விளங்கும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், முன்னால் நோயாளி. சுகாதாரம் என்றால் கிணற்றுக்கு மருந்து போடும் வேலை என்று நினைப்பார்கள். எந்த விழாவுக்குப் போனாலும் யாராவது கேட்பார்கள்: “மகள் இன்னும் முடிக்கேல்லையோ? அவவோட படிச்ச பெடியன் கலியாணமும் முடிச்சிட்டான்.”

“டொக்டராகு. பிறகு விரும்பினதைப் படி,” என்று பல தடவை கெஞ்சியிருக்கிறேன்.

“அப்பா, ரெண்டும் ஒரு வேலைதான்,” என்பாள். எப்படி என்று அவளாலும் எனக்கு விளக்க முடியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவள் நகரின் தொற்றுநோய்த் தடுப்பு அலுவலகத்தில் பயிற்சியில் இருந்தாள். நோயாளிகள் தமிழ்ப் பிள்ளைகள் என்றதும், தமிழ்த் தாய்மாரிடம் தொலைபேசியில் விசாரிக்கும் பொறுப்பு அவளிடம் வந்திருந்தது. அதை அவள் எனக்குச் சொல்லவில்லை. நானும் தட்டைப் பற்றிச் சொல்லவில்லை. ஹொல்ம்லியாவில் எங்கள் சாப்பாட்டு மேசையில் புட்டும் சம்பலும் நடுவே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். அடுத்த நாளும் அப்படியே.

என் மனைவி சிவமணிக்குப் பொறுக்கவில்லை.

“என்ன, தகப்பனும் மகளும் செத்தவீட்டுக்குப் போட்டு வந்த மாதிரி இருக்கிறியள்? புட்டுச் சரியில்லையோ?”

“நல்லாத்தான் இருக்கு அம்மா.”

“அப்ப வாயைத் திறவுங்கோ. வசந்தியின்ர மதுராவுக்கு ஒண்டுக்குப் போகேல்லையாம். மிசினில ரத்தம் கழுவீனமாம். அவள் போனில குழறுறாள். வீட்டில ஒரு லாப்காரர், ஒரு டொக்டர், ரெண்டு பேருக்கும் ஒண்டும் தெரியாது.”

“நான் இன்னும் டொக்டர் இல்லை.”

“அதுதானே. எப்ப எண்டு கேட்டுக் கேட்டுச் சனத்துக்கு வாய் நோகுது.”

வசந்தி சிவமணிக்கு உடன்பிறவாத தங்கை; தட்டோடு வந்த பெயர் அவளுடைய இளைய மகள் மதுராவுடையது. இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. வசந்தியின் மூத்த பெண்ணின் சாமத்தியவீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா, பதினைந்து நாட்களுக்கு முன்புதான் நடந்தது. எனக்கு அன்று வேலை, அபிக்குச் சோதனை. சிவமணி மட்டும் பட்டுச் சீலையில் விடியவே போய் முழுநாளும் நின்றவள்.

“உன்ர ஒபீசில இருந்து ஒரு நோர்வேக்காரி எனக்கும் போன் எடுத்தவள்,” என்று சிவமணி தொடர்ந்தாள்.

“அம்மா, உங்கட பதிலை எனக்குச் சொல்லாதேங்கோ. நான் கேக்கக்கூடாது. அதாலதான் வேற ஆள் எடுத்தது.”

“சொன்னால் என்ன குடி முழுகப்போகுது? அண்டைக்கு என்ன சாப்பிட்டது, என்ன குடிச்சது எண்டு கேட்டாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, பாயாசம் எல்லாம் சொன்னன். காய்ச்சாத பால் குடிச்சனீங்களோ எண்டும் கேட்டவள். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. நாங்கள் என்ன கண்டுக்குட்டியளோ?”

அபியும் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு நாளுக்குப் பிறகு அந்த மேசையில் கேட்ட முதல் சிரிப்பு அது.

சிவமணி எனக்கு இன்னொரு பிடி புட்டு வைத்தபடி சொன்னாள்: “நாளைக்குப் பின்னேரம் காரை எடுங்கோ. சனிக்கிழமை அம்மருட்டில சாமத்தியவீடு. அவையும் என்னட்டத்தான் பால் கேட்டவை. போனமுறை வசந்தியோட போய் பண்ணைப் பாதையில சறுக்கிக்கொண்டு போனது போதும்.”

கையில் எடுத்த புட்டு வாய்க்குப் போகவில்லை. அபி மெதுவாகக் கேட்டாள்.

“என்ன பால் அம்மா?”

“பால் அறுகுக்கு. பெட்டிப் பாலைத் தலையில வைக்கலாமே? மாட்டில கறந்தபடி வேணும். எங்களோட வேலை செய்யிற ஒரு பெட்டையின்ர தமையனுக்குப் பண்ணை. சும்மாதான் தந்தவன், நல்ல மனுசன். காய்ச்சிக் குடியுங்கோ எண்டவன். நானும் ஓம் எண்டு தலையாட்டினன். ஆர் குடிக்கப்போயினம்?”

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பூப்படைந்த பெண்ணைக் குளிப்பாட்டுமுன், கிண்ணத்துப் பாலில் அறுகம்புல்லையும் காசையும் இட்டு, தாய்மாமனும் சுமங்கலிப் பெண்களும் அள்ளி அவள் தலையில் வைப்பார்கள். அது பால்தான். ஆனால் எங்கள் மனதில் அது உணவு இல்லை. மஞ்சள், குங்குமம், பூ போல ஒரு சடங்குப் பொருள். “என்ன குடித்தீர்கள்?” என்று நூறு பேரைக் கேட்டாலும் ஒருவர் வாயிலும் அது வராது. எவரும் பொய் சொல்லவில்லை.

“பால் வைச்ச கையைக் கழுவினனீங்களோ?” அபியின் குரல் மாறியிருந்தது.

“ஏன் கழுவுறது? பட்டுச் சீலையில துடைச்சிட்டுப் பலகாரம் எடுத்தம்.”

“மிச்சப் பால்?”

“சின்னனுகள் சுத்தி நிண்டதுகள். வசந்தியின்ர மதுரா தனக்கும் தலையில வைக்கச் சொல்லி ஒரே அழுகை. நான்தான் ஒரு சொட்டுத் தலையில வைச்சு, விரலால வாயிலயும் தொட்டுவிட்டனான். தீர்த்தம் மாதிரி. மற்றதுகளும் கை நீட்டிச்சுதுகள்...”

சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்தது. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டாள்.

“ஏன் பாக்கிறியள்? ஏன் ரெண்டு பேரும் என்னைப் பாக்கிறியள்?”

அந்த நிமிடத்தை நான் எப்படிச் சொல்வது? என் மனைவி என் முன்னால் உடைந்துகொண்டிருக்கிறாள். அதே நேரம் என் உடம்பில் மின்சாரம் ஓடுகிறது. கண்டுபிடித்துவிட்டோம்! நிறமற்ற புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துவிட்டது! அந்த ஆனந்தத்துக்காக வெட்கப்பட்டேன். ஆனாலும் அது ஆனந்தம்தான். அபியின் கண்ணிலும் அதைக் கண்டேன். அவள் எழுந்து தொலைபேசியை நோக்கிப் போனாள்.

சிவமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “பொறு பிள்ளை. அம்மருட் ஆக்களுக்கு நானே சொல்லுறன், பால் வேண்டாமெண்டு. ஒபீசுக்கு ஏன்? பேப்பரில வரும். ஒஸ்லோ முழுக்க என்ர பேர் அடிபடும். வசந்தியின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?”

“உங்கட பேரை ஒருத்தரும் வெளியில சொல்லமாட்டினம்.”

“அவை சொல்லாட்டிலும் சனம் கண்டுபிடிக்கும். உனக்கும்தான் பிள்ளை. தாயே நஞ்சு குடுத்தவள் எண்டு சொல்லுவினம். உன்ர படிப்பு என்னாகும்? நீங்க சொல்லுங்கோவன் அவளுக்கு!” என்று என்னைப் பார்த்தாள்.

அபி கையை உதறவில்லை. குனிந்து தாயின் முகத்துக்கு நேரே சொன்னாள்: “அம்மா, மதுராவை ஆஸ்பத்திரியில டொக்டர்மார் பாக்கினம். சனிக்கிழமை கை நீட்டப்போற பிள்ளையளை ஆர் பாக்கிறது? வேற ஆருக்கெல்லாம் அந்தப் பால் போகுதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

சிவமணிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இரண்டும் ஒரு வேலைதான் என்று அவ்வளவு காலமும் அபியால் விளக்க முடியாமல் இருந்தது அதுதான் என்று எனக்கு அப்போது பட்டது. நான் மனைவிக்குப் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டேன்.

“மிச்சப் பால் முழுக்க முடிஞ்சுதோ?”

“இல்லை. கால் படுற இடத்தில ஊத்தக்கூடாதெல்லோ. மரத்தடியில விடுவமெண்டால் எங்கையும் பனி. போத்தலில பல்கனியில வைச்சிருக்கிறன். பனி கரையட்டும் எண்டு.”

பல்கனிக் கதவைத் திறந்தேன். பூச்சாடிகளுக்குப் பின்னால், பனிக்குள் கழுத்துவரை புதைந்து, கல்லாக உறைந்த பால் போத்தல் நின்றது. எந்த ஆய்வுகூடமும் இதைவிட நன்றாகப் பாதுகாத்திருக்காது. கையுறை போட்டு எடுத்து, மூன்று பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றி, வெளிப்பையில் திகதி எழுதினேன். சிவமணி சுவரோடு சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அபி நடையில் நின்று நோர்வேஜிய மொழியில் தன் மேற்பார்வை மருத்துவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். “என் அம்மா,” என்று அவள் சொல்லும்போது குரல் தளம்பவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். தண்ணீர்ச் சத்தம் நெடுநேரம் கேட்டது.

மறுநாள் எல்லாம் பறந்தது. பண்ணைக்கு ஆட்கள் போனார்கள். போத்தல் உணவைப் பரிசோதிக்கும் வேறொரு கூடத்துக்குப் போனது. என் கையில் இல்லாதது எனக்கு நிம்மதி. தாயின் பங்கை அபி தொடக்கூடாது என்று மேற்பார்வை மருத்துவர் விலக்கிவிட்டார். ஆனால் தமிழ்த் தாய்மாரை அழைக்க அவளை விட்டால் வேறு ஆளில்லை. அவள் கேள்வியை மாற்றினாள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை. “பால் அறுகு வைக்கேக்க பிள்ளை எங்க நிண்டது?” என்று கேட்டாள். மளமளவென்று பதில் வந்தது. யாராவது மறந்தால் வீடியோ இருந்தது. எங்கள் விழாக்களில் வீடியோக்காரனின் விளக்கிலிருந்து தப்பியவர் எவருமில்லை. இன்னும் வெட்டித் தொகுக்காத அந்த நாடாவை அலுவலகத்தில் ஓடவிட்டு, கிண்ணத்தைச் சுற்றி நின்ற ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். மேற்பார்வை மருத்துவர் நோர்வேக்காரர். இப்படியொரு சாட்சியத்தைத் தான் எந்த விசாரணையிலும் கண்டதில்லை என்று துள்ளினாராம்.

அதில் ஒரு பையன், எங்கள் ஹொல்ம்லியாவிலேயே இருப்பவன், மேசையைப் பிடித்தபடி விரல் சூப்பிக்கொண்டு நின்றான். அபி அந்த வீட்டுக்கு அழைத்தபோது தாய் சொன்னாள்: “ஓம், நாலு நாளா வயித்தாலை போகுது. இண்டைக்கு ரத்தமும் பட்டது. பயமில்லை, கொழும்பிலயிருந்து கொண்டந்த அன்ரிபயோட்டிக் இருக்கு. இப்பத்தான் கரைச்சு வைச்சிருக்கிறன்.”

“அக்கா, அதைக் குடுக்காதேங்கோ!” என்று அபி அலுவலகமே திரும்பிப் பார்க்கக் கத்தினாளாம். இந்தக் கிருமிக்கு அந்த மருந்து கொடுத்தால் நஞ்சு கூடக்கூடும். “கோப்பையைக் கீழ வையுங்கோ. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடன ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. நான் அவைக்குச் சொல்லிவிடுறன்.”

அந்தப் பையனின் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

போத்தல் முடிவு வந்த நாள் நான் ஓய்வறையில் கோப்பி ஆறிப்போக இருந்தேன். பெரித் உள்ளே வந்தார். வழக்கமாக நின்றபடி பேசுபவர், என் எதிரே கதிரையை இழுத்து அமர்ந்தார். “அதே கிருமி. இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்,” என்றார். பிறகு என் தொழில் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக, என்ன தெரிகிறது என்று கேட்காமல், “வீட்டில் எப்படி இருக்கிறார்கள்?” என்று கேட்டார்.

வீட்டில் சிவமணி பேசுவதை விட்டிருந்தாள். அம்மருட் சாமத்தியவீடு தள்ளிப்போனது. யாரும் பெயர் சொல்லாமலே விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வசந்திக்கு அவளே போன் எடுத்து, “நான் கொண்டந்த பால்தான்” என்று மட்டும் சொன்னாள். வசந்தி போனை வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிப் பக்கம் போகச் சிவமணிக்குத் துணிவு வரவில்லை. ஆனால் பிள்ளையோடு நிற்கும் வசந்திக்கு நாள்தோறும் கஞ்சி காய்ச்சி என்னிடம் தந்துவிட்டாள். நான் தாதியிடம் கொடுத்துவிட்டு வருவேன். வெற்றுப் போத்தல் கழுவித் திரும்பி வரும். அதோடு ஒரு சொல்லும் வராது.

ஒரு பின்னேரம், வேலை முடிந்து ஹொல்ம்லியா ரயிலில் நெரிசலுக்குள் நிற்கும்போது கைபேசி அடித்தது. வசந்தி. பிள்ளை போய்விட்டது என்றே நினைத்தேன்.

“அண்ணை! மதுரா ஒண்டுக்குப் போட்டாள்!”

“என்ன?”

“மூத்திரம் பெய்திட்டாள் அண்ணை! கட்டிலெல்லாம் நனைச்சுப்போட்டாள்! தாதிமார் கைதட்டினவை!”

“பெய்திட்டாளோ!” என்று நான் ரயிலே அதிரக் கத்தினேன். பக்கத்தில் நின்ற நோர்வேஜியக் கிழவி பையை இறுக்கிக்கொண்டு நகர்ந்தாள். நான் அழுதேன், சிரித்தேன், இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

அபி இரண்டு பட்டத்தையும் முடித்தாள். தாமதமாகத்தான் முடித்தாள். சனம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. நான் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்: “அவ இன்னும் படிக்கிறா. படிக்கட்டும்.” பீடத்தின் அந்தத் தனி அனுமதிக்கான நேர்காணலுக்குப் போகும் காலையில் அவளுடைய சப்பாத்தை நான்தான் துடைத்து வைத்தேன்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அந்தக் குளிர்காலம் முழுதும் சிவமணி மீளவில்லை. எந்தக் கொண்டாட்டத்துக்கும் போகவில்லை. தாய்மார் பிள்ளையோடு எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் கடந்துவிடுவாள். பனி கரைந்து, தள்ளிவைத்த அம்மருட் சாமத்தியவீட்டின் நாள் வந்தது. அழைப்பு வந்திருந்தது. அவள் பட்டுச் சீலையை வெளியே எடுக்கவேயில்லை. காலையில் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் கைகளைப் பார்த்தபடி இருந்தாள்.

கதவு மணி அடித்தது. திறந்தேன். வசந்தி, முழு அலங்காரத்தோடு. அவளுக்கு முன்னால் மதுரா. மெலிந்திருந்தாள், பாவாடை இடுப்பில் நில்லாமல் ஊசி குத்தியிருந்தது. இரண்டு கையாலும் ஒரு கடைப் பால் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே நேரே குசினிக்குப் போய் அதைச் சிவமணியின் மடியில் வைத்தாள்.

“அக்கா, என்ன இன்னும் வீட்டுச் சட்டையோட?” என்றாள் வசந்தி. “அம்மருட்டில எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். மாமன் வைச்ச பிறகு பெண்டுகளில நீங்கதான் முதல் பால் வைக்கவேணுமாம்.”

சிவமணி எழும்பவில்லை. பெட்டியைத் தொடவும் இல்லை. “நானோ? இந்தக் கையாலயோ வசந்தி?”

“இந்தக் கையாலதானே அக்கா எனக்குக் கஞ்சி காய்ச்சி அனுப்பினனீங்கள். எழும்பிச் சீலையை உடுங்கோ, காரை றோட்டில விட்டிட்டு வந்தனான்.”